மூன்று கட்டளைகளின் வரலாறு

மூலநிரலாகக் கிடைக்கும் மென்பொருளைச் சொந்தக் கணினியிலேயே கட்டி நிறுவுவதற்கு 1990களிலிருந்து ஒரு வாய்பாடு வழங்கிவருகிறது. தொகுப்பை விரித்து, அந்த அடைவுக்குள் சென்று, கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்ற மூன்று கட்டளைகளை வரிசையாகக் கொடுக்க வேண்டும். முதலாவது கணினியை ஆராய்கிறது. இரண்டாவது நிரலைக் கம்பைல் செய்கிறது. மூன்றாவது விளைந்த கோப்புகளை உரிய இடங்களில் வைக்கிறது. மூன்றும் ஒருசேரப் பிறந்தவை அல்ல. நடுவில் நிற்கும் மேக்தான் மூத்தது. அது 1976இல் எழுதப்பட்டது. முதலில் தட்டப்படும் கான்ஃபிகர் வகை ஸ்கிரிப்ட் அதற்கு எட்டு ஆண்டுகள் இளையது. இன்று பழக்கத்தில் உள்ள அதன் வடிவம் உருவானது 1991இல்.

இவற்றுக்கான தேவை யுனிக்ஸின் வரலாற்றிலிருந்து வந்தது. நியூ ஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் 1969இல் தொடங்கப்பட்ட யுனிக்ஸ், 1973இல் சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. அசெம்பிளி மொழியில் எழுதிய நிரல் ஒரு வகைக் கணினிக்குள் அடைபட்டுக் கிடக்கும். சி மொழியில் எழுதியதை அந்தந்தக் கணினிக்குரிய கம்பைலர் இருந்தால் எங்கும் கொண்டுபோகலாம். ஆய்வகத்தின் உரிமையாளரான ஏடி அண்ட் டி, 1956ஆம் ஆண்டு அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட வழக்குத் தீர்வின்படி, தொலைபேசித் துறைக்கு வெளியே வணிகம் செய்ய முடியாத நிலையில் இருந்தது. ஆகவே யுனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பக் கட்டணத்தில், மூலநிரலோடு போய்ச் சேர்ந்தது. திறமூலம் என்ற பெயர் 1998இல்தான் சூட்டப்பட்டது. மூலநிரலை வாங்கித் தன் கணினியில் கம்பைல் செய்துகொள்ளும் பழக்கம் அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது.

மேக் பிறந்ததற்குக் காரணம் ஒருவர் வீணாக்கிய காலைப்பொழுது. யாக் என்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன், ஒரு நிரலில் பிழையைத் திருத்திவிட்டு, திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்துபோனார். பழைய கோப்பே நிரலோடு இணைந்ததால், சரியாக இருந்த நிரலில் இல்லாத பிழையை அரைநாள் தேடிக்கொண்டிருந்தார். சக ஊழியரான ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குப் போய் அவர் அங்கலாய்த்தார். முந்தைய நாள் மாலை அதே தொல்லையை அனுபவித்திருந்த ஃபெல்ட்மன், அந்த வார இறுதியிலேயே தீர்வை எழுதத் தொடங்கினார். அதுவரை ஒவ்வொரு நிரலுக்கும் அதை எழுதியவரே தனியாக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வைத்திருப்பார். அது எல்லாக் கோப்புகளையும் தொடக்கத்திலிருந்து கம்பைல் செய்யும், அல்லது எதைச் செய்ய வேண்டும் என்பதை ஆளின் நினைவுக்கு விட்டுவிடும்.

மேக் அந்தப் பொறுப்பைக் கோப்புகளின் நேரமுத்திரைக்கு மாற்றியது. எந்தக் கோப்பு எவற்றிலிருந்து உருவாகிறது, உருவாக்கும் கட்டளை என்ன என்பதை மேக்ஃபைல் என்ற கோப்பில் எழுதிவைக்க வேண்டும். விளைபொருளைவிட மூலப்பொருள் புதியதாக இருந்தால், அந்த விளைபொருளை மட்டும் மேக் மீண்டும் உருவாக்கும், மற்றவற்றைத் தொடாது. இவ்வளவுதான் அதன் தத்துவம். கம்பைல் செய்வதற்கு நெடுநேரம் பிடித்த அந்தக் காலக் கணினிகளில் இது பெரிய மிச்சம். அதன் இலக்கணத்தில் ஒரு விநோதமும் நிலைத்துவிட்டது. மேக்ஃபைலில் கட்டளை வரிகள் டேப் குறியோடு தொடங்க வேண்டும். இடைவெளிகளை இட்டால் பிழை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால், பல தலைமுறை நிரலாளர்கள் இதில் இடறியிருக்கிறார்கள். இதை மாற்றலாம் என்று ஃபெல்ட்மனுக்கு ஆரம்பத்திலேயே தோன்றியது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்த டேப் இன்றும் இருக்கிறது. மேக்குக்காக ஃபெல்ட்மனுக்கு 2003ஆம் ஆண்டின் ஏசிஎம் மென்பொருள் விருது கிடைத்தது.

மேக் ஒரே கணினிக்குள் எழுந்த சிக்கலைத் தீர்த்தது. கணினிக்குக் கணினி யுனிக்ஸே வேறுபட்டபோது அது மட்டும் போதவில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1978இலிருந்து பிஎஸ்டி என்ற தன் சொந்த வடிவத்தை வெளியிட்டது. 1984இல் ஏடி அண்ட் டி நிறுவனம் பிரிக்கப்பட்டதும் பழைய வணிகத் தடை நீங்கி, அது சிஸ்டம் ஃபைவ் என்ற வடிவத்தை முழுவீச்சில் விற்கத் தொடங்கியது. சன், எச்பி, ஐபிஎம், டிஜிட்டல் எனக் கணினி செய்த ஒவ்வொரு நிறுவனமும் இவ்விரண்டில் ஒன்றை எடுத்துத் தன் விருப்பப்படி திருத்திக்கொண்டது.

வேறுபாடுகள் பெரும்பாலும் அற்பமானவை. ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். ஒரு சொற்சரத்தில் குறிப்பிட்ட எழுத்தைத் தேடும் செயற்கூறுக்குப் பெர்க்லியில் இண்டெக்ஸ் என்று பெயர், சிஸ்டம் ஃபைவில் எஸ்டிஆர்சிஎச்ஆர். அதை அறிவிக்கும் ஹெடர் கோப்பு ஓரிடத்தில் ஸ்ட்ரிங், இன்னோரிடத்தில் ஸ்ட்ரிங்ஸ். முனையத்தைக் கையாளும் முறை வேறு. சிக்னல் வரும்போது இயங்கும் செயற்கூறு திருப்பித்தரும் மதிப்பின் வகை வேறு. சிஸ்டம் ஃபைவில் ஒரு கோப்பின் பெயர் 14 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. நிரலின் தருக்கம் எங்கும் சரியாகவே இருக்கும். இந்த உரசல்களில் ஒன்று போதும், கம்பைலர் மறுத்துவிடும்.

அதே ஆண்டுகளில் யூஸ்நெட் என்ற செய்திக்குழு வலையமைப்பு வழியாக மூலநிரலைப் பொதுவில் பகிரும் வழக்கம் வேரூன்றியது. நிரல்கள் ஷார் என்ற வடிவில் வந்தன. அது தன்னைத் தானே விரித்துக்கொள்ளும் ஷெல் ஸ்கிரிப்ட். பெரிய நிரல் பல பகுதிகளாகப் பிரிந்து வரும். முன்பின் தெரியாதவர் அனுப்பிய ஸ்கிரிப்டை அப்படியே ஓடவிடுவது ஆபத்து என்பது அன்றே பேசப்பட்டது. பேசியவர்களும் ஓடவிட்டார்கள். விரித்த பிறகுதான் உண்மையான வேலை. மேக்ஃபைலைத் திறந்து, சிஸ்டம் ஃபைவ் என்றால் இந்த வரியை விட்டுவிட்டு அந்த வரியை உயிர்ப்பிக்கவும் என்பது போன்ற குறிப்புகளைப் படித்து, தன் கணினிக்கு ஏற்பக் கையால் திருத்த வேண்டும். தன் கணினி இருபெரும் வகைகளில் எதைச் சேர்ந்தது என்பதே பலருக்குத் தெளிவாகத் தெரியாது. இரண்டையும் கலந்து செய்த யுனிக்ஸ்கள் நிறைய இருந்தன.

இந்தக் கேள்விகளுக்குக் கணினியையே விடை தேடச் சொல்லலாம் என்று செய்து காட்டியவர் லாரி வால். யூஸ்நெட் செய்திகளைப் படிக்க உதவும் ஆர்என் என்ற தன் நிரலோடு 1984இல் கான்ஃபிகர் என்ற ஷெல் ஸ்கிரிப்டையும் அவர் சேர்த்து அனுப்பினார். தானே கண்டுபிடிக்க முடிந்ததை அது கண்டுபிடிக்கும். முடியாததைப் பயனரிடம் கேட்கும். தன் ஊகத்தை உத்தேச விடையாக முன்வைக்கும். பேச்சுவாக்கில் நகைச்சுவையும் செய்யும். யூனிஸ் என்பது விஎம்எஸ் இயங்குதளத்தின் மேல் யுனிக்ஸைப் போல நடிக்கும் ஒரு மென்பொருள். கணினியில் அது இல்லை என்று தெரிந்தால் ஸ்கிரிப்ட் பயனரை வாழ்த்தும். 1987இல் வால் வெளியிட்ட பெர்ல் மொழியிலும் இதே மரபு தொடர்ந்தது. பெரிய எழுத்தில் தொடங்கும் அந்தக் கான்ஃபிகர் பெர்லோடு இன்றும் வருகிறது.

மற்றொரு பாதையில் யுனிக்ஸின் வரைகலை இடைமுகமான எக்ஸ் விண்டோ சிஸ்டம் போனது. 1987இன் எக்ஸ்11 வெளியீட்டோடு வந்த ஐமேக், ஒவ்வொரு இயங்குதளத்தின் இயல்புகளையும் முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிவைத்து, அதிலிருந்து மேக்ஃபைல்களை உருவாக்கியது. பட்டியலில் இல்லாத இயங்குதளம் வந்தால் அது தடுமாறும். எக்ஸ் திட்டமே 2005இல் அதைக் கைவிட்டது.

வாய்பாட்டுக்கு நிலையான உருவம் தந்தது குனு திட்டம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த இத்திட்டத்தின் நிரல்கள், சொந்த இயங்குதளம் தயாராவதற்கு முன்பே, பிற நிறுவனங்களின் யுனிக்ஸ்களில் ஓட வேண்டியிருந்தன. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காகக் குனு கருவிகள் பலவற்றைப் பராமரித்துவந்த டேவிட் மெக்கென்சிக்கு 1991 வாக்கில் இது தாங்க முடியாத சுமையாயிற்று. மேக்ஃபைலில் பயனர் தேர்ந்தெடுக்க வேண்டிய தெரிவுகள் சுமார் இருபது ஆகிவிட்டன. ஒவ்வொரு வெளியீட்டையும் பல கணினிகளில் அவர் சோதிக்கவும் வேண்டும். அந்த ஜூன் மாதம், சரியான தெரிவுகளை ஊகிக்கும் சிறிய ஷெல் ஸ்கிரிப்டை எழுதி, கோப்புகளைக் கையாளும் ஃபைல்யூட்டில்ஸ் தொகுப்பின் 2.0 பதிப்போடு வெளியிட்டார். அது நன்றாக வேலை செய்யவே, அடுத்த மாதம் மற்றத் தொகுப்புகளுக்கும் கையால் தகவமைத்தார். ஒரே துண்டுகளை மீண்டும் மீண்டும் வெட்டி ஒட்டுவது அலுத்துப்போனதால், எம்4 என்ற பழைய யுனிக்ஸ் கருவியைக் கொண்டு அவற்றைத் தானாகத் தொகுக்கும் நிரலாக மாற்றினார். அதுதான் ஆட்டோகான்ஃப்.

லாரி வாலின் ஸ்கிரிப்டுக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. மெக்கென்சியின் கான்ஃபிகர் எதையும் கேட்பதில்லை. இயங்குதளத்தின் பெயரையும் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஒரு செயற்கூறு இருக்கிறதா என்று அறிய, அதை அழைக்கும் சில வரிச் சி நிரலொன்றை அங்கேயே எழுதி, கம்பைலரிடம் கொடுத்துப் பார்க்கிறது. கம்பைல் ஆனால் உண்டு, ஆகாவிட்டால் இல்லை. அப்படி நூற்றுக்கணக்கான குட்டி நிரல்களை எழுதி, சோதித்து, அழித்துவிட்டு, கண்டவற்றை ஒரு ஹெடர் கோப்பிலும் மேக்ஃபைலிலும் பதிகிறது. திரையில் வரிசையாக ஓடும் ஆம், இல்லை என்ற விடைகள் இந்தச் சோதனைகளுடையவை. யாரும் கேள்விப்பட்டிராத யுனிக்ஸிலும் ஒரு நிரல் கம்பைல் ஆகக் காரணம் இந்த அணுகுமுறைதான். பட்டியலை நம்பிய ஐமேக்கால் அது முடியவில்லை.

இன்னொரு முடிவும் அப்போதே எடுக்கப்பட்டது. அதன் விளைவு முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் முழுதாகத் தெரிந்தது. ஆட்டோகான்ஃப் நிரலாளரின் கணினியில் இருந்தால் போதும், நிறுவுபவருக்கு அது தேவையில்லை. அவருக்கு ஷெல், மேக், கம்பைலர் ஆகியவை இருந்தால் போதும் என்று வைத்தார்கள். ஆகவே நிரலாளர் வெளியீட்டின்போது கான்ஃபிகரை உருவாக்கி, டார் என்ற தொகுப்புக் கோப்பில் சேர்த்துவிடுவார். அது எல்லாப் பழைய ஷெல்களிலும் ஓடவேண்டி, மிகப் பழைய நடையில் எழுதப்பட்ட பல்லாயிரம் வரிகளாக இருக்கும். அது மனிதர் எழுதியதல்ல. மனிதர் படிப்பதற்கானதும் அல்ல.

1994இல் வந்த இரண்டாம் பதிப்பு, குனு கம்பைலர் தொகுப்புக்காகத் தனியாக வளர்ந்த மற்றொரு ஸ்கிரிப்டின் வசதிகளையும் உள்வாங்கிக்கொண்டது. மேக்ஃபைலுக்கான வார்ப்பைத் தானே எழுதும் ஆட்டோமேக், பகிர் லைப்ரரிகளை எல்லா இயங்குதளங்களிலும் ஒரே முறையில் கட்டித்தரும் லிப்டூல் ஆகியவை அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் சேர்ந்தன. நிறுவும் இடத்தை மாற்றும் பிரிஃபிக்ஸ் என்ற தெரிவும், அது கொடுக்கப்படாவிட்டால் யுஎஸ்ஆர் லோக்கல் என்ற அடைவுக்குள் நிறுவுவது என்ற ஏற்பாடும் குனு விதிகளால் பொதுவாயின. பல்கலைக்கழகக் கணினியில் நிர்வாகி உரிமை இல்லாத மாணவர் தன் சொந்த அடைவுக்குள் எந்த மென்பொருளையும் கட்டிக்கொள்ள முடிந்தது இந்த ஒரு தெரிவால்தான்.

லினக்ஸ் பரவிய 1990களில் வாய்பாடு வீட்டுக் கணினிகளுக்கும் வந்தது. அதன் குறைகளும் கூடவே வந்தன. தேவையான லைப்ரரி இல்லையென்றால் கான்ஃபிகர் நின்றுவிடும். அதைத் தேடி எடுத்துக் கம்பைல் செய்யப்போனால் அது வேறிரண்டைக் கேட்கும். லைப்ரரி இருந்தும் அதன் ஹெடர் கோப்புகள் தனிப் பொதியில் இருப்பது தெரியாமல் திண்டாடுவது புதியவர்களின் வழக்கமான அனுபவம். நிறுவியதை நீக்குவது அதைவிடக் கடினம். மேக் இன்ஸ்டால் கோப்புகளை எங்கெங்கே வைத்தது என்பதற்குக் கணினியில் எந்தப் பதிவேடும் இல்லை.

இந்தக் குறையை லினக்ஸ் விநியோகங்கள் தீர்த்தன. டெபியனும் ரெட் ஹாட்டும் கம்பைல் செய்யும் வேலையைத் தாங்களே ஏற்று, விளைவைப் பொதியாகப் பயனருக்கு அளித்தன. கட்டும் ஸ்கிரிப்ட் மறையவில்லை, கைமாறியது. டெபியன் பொதிக்குள் இருக்கும் ரூல்ஸ் என்ற கோப்பு ஒரு மேக்ஃபைலே. ஆர்பிஎம் பொதியின் ஸ்பெக் கோப்பு, ஸ்லாக்வேரின் ஸ்லாக்பில்ட் இரண்டும் அதே மூன்று கட்டளைகளைத்தான் உள்ளே அழைக்கின்றன. ஜோர்டன் ஹப்பர்ட் 1994இல் தொடங்கிய ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸ் நடுவழியில் நின்றது. மூலநிரலைத் தரவிறக்கி, திருத்தங்களை ஒட்டி, சார்புகளையும் கட்டி நிறுவும் வேலை முழுவதையும் ஒரே மேக் கட்டளைக்குள் அடக்கியது. டேனியல் ராபின்ஸ் உருவாக்கிய ஜென்டூ, 2002இல் 1.0 பதிப்பை எட்டியது. முழு இயங்குதளத்தையும் பயனரின் செயலிக்கு ஏற்பக் கம்பைல் செய்துகொள்வது அதன் கொள்கை. அதனால் கிடைக்கும் வேகத்தைப் பற்றி அன்று பேசப்பட்ட அளவுக்கு ஆதாயம் கிடைத்ததா என்பது ஐயமே. வேண்டாத வசதிகளை நீக்கிக் கட்டும் சுதந்திரம் உண்மையான ஆதாயம். ஓப்பன் ஆஃபிஸ் போன்ற பூதங்களை மட்டும் கம்பைல் செய்த வடிவிலும் ஜென்டூ தந்தது.

தமிழ் இடைமுகமும் இந்த வழியாகவே கணினிக்குள் வந்தது. கேடிஈ, க்னோம் ஆகிய பணிமேசைச் சூழல்களுக்குத் தமிழ்த் தன்னார்வலர்கள் செய்த மொழிபெயர்ப்புகள் பிஓ என்ற உரைக் கோப்புகளாக மூலநிரலோடு வைக்கப்பட்டன. மேக் ஓடும்போது நிரலைப் போலவே அவையும் இயந்திர வடிவத்துக்கு மாற்றப்பட்டு, மேக் இன்ஸ்டாலில் உரிய அடைவுக்குப் போய்ச் சேர்ந்தன.

2000க்குப் பிறகு யுனிக்ஸ்களின் கூட்டம் கலைந்தது. சி மொழிக்கு 1989இலும், இயங்குதள இடைமுகத்துக்குப் போசிக்ஸ் என்ற பெயரில் 1988இலும் வந்த தரங்கள் பழைய வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றைத் துடைத்துவிட்டன. கான்ஃபிகர் மட்டும், சி தரமே உறுதிசெய்யும் ஸ்ட்ரிங் ஹெடர் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தேடிக்கொண்டிருந்தது. சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாகவே செய்வதால், பல செயலிக் கருக்கள் உள்ள கணினியில் கம்பைல் செய்யும் நேரத்தைவிடக் கான்ஃபிகர் ஓடும் நேரம் அதிகமாவதும் உண்டு. எம்4, ஷெல், பெர்ல், மேக் ஆகிய நான்கையும் அறிந்தவர்களே இந்தக் கருவிகளைத் திருத்த முடியும். மற்றவர்கள் வேறொரு திட்டத்தின் கோப்பை நகலெடுத்து, வேலை செய்யும்வரை மாற்றிப்பார்த்தார்கள்.

மாற்றுகள் எழுந்தன. கிட்வேர் நிறுவனத்தில் பில் ஹாஃப்மன் உருவாக்கிய சிமேக், விண்டோஸிலும் யுனிக்ஸிலும் ஒருங்கே இயங்க வேண்டிய ஒரு மருத்துவப் படிமத் திட்டத்துக்காக 2000 வாக்கில் தோன்றியது. 2006இல் கேடிஈ அதற்கு மாறியதும் அதன் நிலை உயர்ந்தது. கூகுளில் குரோம் உலாவியில் பணியாற்றிய எவன் மார்ட்டின், மேக்கின் தாமதத்தைப் பொறுக்காமல் நிஞ்சாவை எழுதினார். அதன் கோப்புகள் கையால் எழுதப்படுவதற்கல்ல, வேறொரு கருவி உருவாக்கித் தருவதற்கு என்று வெளிப்படையாகவே வகுத்தார். யூசி பாக்கனென் 2013இல் வெளியிட்ட மேசன், கட்டும் விதிகளை எளிய தனிமொழியில் எழுத வைத்து, வேலையை நிஞ்சாவிடம் ஒப்படைக்கிறது. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி 2017இல் மேசனுக்கு மாறியது; க்னோம் திட்டத்தின் பெரும்பகுதியும் அதே பாதையில் வந்தது.

கருவிகள் மாறினாலும் நம்பிக்கைச் சிக்கல் ஒன்று மிஞ்சியது. மூலநிரல் தூயதாக இருந்தாலும் கட்டி முடித்த நிரல் தூயதாக இருக்க வேண்டியதில்லை என்பதை யுனிக்ஸின் படைப்பாளர்களில் ஒருவரான கென் தாம்சன் தம் டூரிங் விருது உரையில் காட்டியிருந்தார். 1984இல் அச்சான அவ்வுரையில் வரும் கம்பைலர், உள்நுழைவு நிரலில் இரகசியக் கதவை வைக்கும். தன்னைத் தானே கம்பைல் செய்யும்போது அந்தத் தந்திரத்தையும் மறுபிறவிக்குக் கடத்தும். இத்தகைய சூழ்ச்சிகளை வெளிப்படுத்த, ஒரே மூலநிரலிலிருந்து எவர் கட்டினாலும் பிட் மாறாமல் ஒரே விளைவு வர வேண்டும் என்ற மீளுருவாக்க இயக்கம் டெபியனில் 2013இல் தொடங்கியது. கம்பைலரும் கணினியும் இப்படிக் கண்காணிப்புக்குள் வந்தன. டார் கோப்பில் மட்டும் இருந்து, மூலக் களஞ்சியத்தில் இல்லாத கான்ஃபிகர் வெளியே நின்றது.

எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளில் நடந்த தாக்குதல் அந்த இடைவெளி வழியாகவே வந்தது. ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர் 2021 முதல் பங்களித்து, பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, வெளியீடுகளைத் தாமே செய்யும் நிலைக்கு வந்தார். 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளின் டார் கோப்புகளில் ஓர் எம்4 கோப்பு மட்டும் மாற்றப்பட்டிருந்தது; களஞ்சியத்தில் அந்த மாற்றம் இல்லை. அதிலிருந்து உருவான கான்ஃபிகர், 64 பிட் இன்டெல் வகை லினக்ஸா, குனு கம்பைலரான ஜிசிசியா, டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாகக் கட்டப்படுகிறதா என்றெல்லாம் பார்க்கும். எல்லாம் பொருந்தினால், சோதனைக்கான சிதைந்த கோப்புகள் என்று வைக்கப்பட்டிருந்தவற்றிலிருந்து தீங்கு நிரலைப் பிரித்தெடுத்து, மேக்கின் வேலையில் நுழைக்கும். கணினியை ஆராயப் பிறந்த ஸ்கிரிப்ட், இரை சரியானதா என்று ஆராயப் பயன்பட்டது.

அதே களஞ்சியத்தின் சிமேக் கோப்பில் இன்னும் சிறிய சூழ்ச்சி ஒன்று இருந்தது. லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி உண்டா என்று சோதிக்கும் குட்டி நிரலில் ஒரு முற்றுப்புள்ளி கூடுதலாக இடப்பட்டிருந்தது. அதனால் அந்த நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. வசதி இல்லை என்றே ஒவ்வொரு முறையும் முடிவாகும். கம்பைல் ஆகாவிட்டால் இல்லை என்று கொள்ளும் 1991ஆம் ஆண்டு விதி, எழுத்துப்பிழையையும் இல்லாமையையும் பிரித்தறியாது.

மைக்ரோசாஃப்ட்டில் பணியாற்றும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட், தம் சோதனைக் கணினியில் தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியான உள்நுழைவு சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, காரணத்தைத் தேடிப்போய் எக்ஸ்இசட்டில் இருந்த இந்தத் தாக்குதலைக் கண்டுபிடித்தார். 2024 மார்ச் 29 அன்று அதை அறிவித்தார். பாதிக்கப்பட்ட பதிப்புகள் அப்போது டெபியன், ஃபெடோரா, ஓப்பன்சூசே போன்றவற்றின் சோதனைக் கிளைகளிலும் தொடர் வெளியீடுகளிலும் மட்டுமே நுழைந்திருந்தன. திட்டத்தின் மூலப் பராமரிப்பாளரான லாஸ்ஸே கொலின், தீங்கு நிரலை நீக்கிய 5.6.2 பதிப்பை மே 29 அன்று வெளியிட்டார். அதன் பிறகு, வெளியீட்டாளர் தரும் ஆயத்தக் கான்ஃபிகரை ஒதுக்கிவிட்டு, களஞ்சியத்திலிருந்து நேரடியாக எடுத்து ஆட்டோகான்ஃபைத் தாங்களே ஓட்டிக் கட்டும் முறை விநியோகங்களில் வலுப்பெற்றது. நிறுவுபவருக்கு ஆட்டோகான்ஃப் தேவையில்லை என்ற பழைய ஏற்பாட்டை அவை தலைகீழாக்கியிருக்கின்றன.